பேரன் திக்குகிறான்: வசம்பு தேய்க்கலாமா?

கேள்வி: மகள் வழிப் பேரனுக்கு மூன்றரை வயது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன், இரண்டு மாதமாக 'தா-தா-தாத்தா' என்று திக்குகிறான். மகள் 'மெதுவாச் சொல்லுடா' என்று அதட்டுகிறாள். சம்பந்தியம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்கிறார். எதிர்வீட்டுப் பையனைப் பார்த்துப் பழகிவிட்டானோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்

பதில்: எதிர்வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள் ஐயா. திக்கல் பார்த்து ஒட்டிக்கொள்வதில்லை. பயந்ததால் வருவதும் இல்லை. பிள்ளைகள் நீளமாகப் பேசத் தொடங்கும் 2 முதல் 5 வயதுக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். பேச்சை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடே அடிப்படை, பரம்பரைக்கும் பங்குண்டு. 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு வருகிறது, அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சரியாகிவிடுகிறது.

வசம்பு வேண்டாம். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற நச்சு வேதிப்பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை வந்தது. வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்வது அதைவிட மோசம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இந்த வைத்தியங்கள் எப்படிப் பேர் வாங்கின தெரியுமா? திக்கல் ஒரு வாரம் ஏறும், மறுவாரம் தானாக இறங்கும். மோசமான வாரத்தில்தான் வசம்பைத் தேடுவோம். அடுத்த வாரம் தேறினால் புகழெல்லாம் வசம்புக்கு.

மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 'மெதுவாச் சொல்லு', 'மூச்சு விட்டுச் சொல்லு' என்பதெல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால், சொல்ல வந்த கதையை விட்டுவிட்டுப் பிள்ளை தன் வாயைக் கவனிக்கத் தொடங்கிவிடும். அவனை மெதுவாக்க வேண்டாம், நீங்கள் மெதுவாகுங்கள். 'தா-தா-தாத்தா, நா-நாய் ஓடிச்சு' என்றால் முகத்தைப் பார்த்தபடி முடிக்கும்வரை காத்திருங்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு நொடி விட்டு, 'நாய் ஓடிச்சா... எந்தப் பக்கம் ஓடிச்சு?' என்று நிதானமாகக் கேளுங்கள். காலமெல்லாம் திருத்தியே பழகிய ஆசிரியருக்கு இது கஷ்டம்தான்! விருந்தாளிகள் முன் 'ரைம்ஸ் சொல்லு' என்று நிறுத்துவதையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். தினம் ஐந்து நிமிடம் டிவி, போன் இல்லாமல் அவன் இஷ்டப்படி விளையாடினால் போதும்.

'எனக்கு எனக்கு பால்' என்று முழுச் சொல்லைத் திருப்பிச் சொல்வது எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. ஆனால் வாய் திறந்தும் சத்தம் வராமல் அடைப்பது, கண்ணை இறுக்குவது, காலை உதைப்பது, 'பேச வரல' என்று பாதியில் விட்டுவிடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பேச்சுப் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பெரியவரான பிறகும் திக்கல் இருந்தால் அப்போதும் காத்திருக்க வேண்டாம். மற்றபடி, தொடங்கி ஆறு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அவனே ஒருநாள் 'ஏன் தாத்தா எனக்கு வரமாட்டேங்குது?' என்று கேட்கக்கூடும். பேச்சை மாற்றாதீர்கள். 'சில வார்த்தை சிக்கிக்குது, இல்ல? பரவாயில்ல கண்ணு, தாத்தா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்' என்று சொல்லுங்கள்.