பாதுகாப்புக் காரணி (மண்ணின் தாங்குதிறன் கட்டடப் பாரத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 2.5 வைத்துவிட்டால் போதாதா? மண்ணுக்குப் புள்ளியியல் எதற்கு?

போதாது. மதுரையைச் சுற்றி அடித்தளம் போடுகிறவர்களுக்கு நிச்சயமாகப் போதாது.

இரண்டு மனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மண்ணின் தாங்குதிறன் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 25 டன். கட்டடம் ஏற்றும் பாரம் சதுர மீட்டருக்கு 10 டன். இரண்டுக்கும் காரணி 2.5தான். முதல் மனையில் மண் சீரானது, திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 3.75 டன். இரண்டாவதில் இடத்துக்கு இடம் மாறுகிறது, திட்டவிலக்கம் 10 டன். நடுவில் இருக்கும் 15 டன் இடைவெளியைத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 1.5 கிடைக்கும். இயல்நிலைப் பரவல் (அளவுகள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் பரவுவது) என்று வைத்துக்கொண்டால், முதல் மனையில் மண் தோற்கும் வாய்ப்பு லட்சத்துக்கு 3. இரண்டாவதில் நூற்றுக்கு ஏறத்தாழ 7. காரணி ஒன்று, ஆபத்தில் இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம்!

ஆனால் கணக்குக்கு முன்னால் மண்ணைப் பிரித்தறிய வேண்டும். திருமங்கலம் பக்கம் கரிசல், வைகைக் கரையில் மணலும் வண்டலும், ஊருக்குள்ளேயே கண்மாயைத் தூர்த்து எழுந்த குடியிருப்புகள். ஒரே மனையில் ஐந்து துளைகள் போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளைக்குள் இருக்கும் குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். 6, 8, 7, 24, 27 என்று வருகிறது. சராசரி 14.4. அந்த மனையில் அப்படி ஒரு மண்ணே கிடையாது! ஒரு பாதி கண்மாய் வண்டல், மறுபாதி சரளை. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், வண்டல் பக்கம் அமிழ்ந்து சுவர் பிளக்கும். தனித்தனியாகவே கணக்கிடுங்கள்.

துளைகளைக் குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டலாம். 3 மாதிரிகள் மட்டும் இருந்தால், உண்மைச் சராசரி இன்ன அளவுக்குக் கீழே போகாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, கிடைத்த சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தின் 1.69 மடங்கைக் கழிக்க வேண்டும். 10 மாதிரிகள் இருந்தால் 0.58 மடங்கு போதும். அதிகமாகக் கழிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் அவர்தான் கான்கிரீட்டும் கம்பியும் வாங்கப்போகிறார்.

கரிசலில் இன்னொரு பொறி உண்டு. சித்திரை வெயிலில் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும்போது சோதித்தால் எல்லா எண்களும் ஒன்றுபோல உயர்ந்து வரும். திட்டவிலக்கமும் சிறியதாகவே இருக்கும். எத்தனை துளை போட்டாலும் அந்தப் பிழை தெரியாது. ஐப்பசி மழைக்குப் பின் அதே மண் குழைந்துவிடும். எனவே கரிசல் மனை என்றால், மாதிரியை நீரில் ஊறவைத்துச் சோதித்த வலிமையையும் வீக்க அழுத்தத்தையும் (நனைந்து உப்பும் மண் தள்ளும் அழுத்தம்) ஆய்வுக்கூடத்திடம் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.