போன் ஏஜென்டுக்கு ஃபைல் அழிக்கும் டூல்: விளக்கத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

கேள்வி: ஆண்ட்ராய்டு போனைத் தானே இயக்கும் ஒரு ஏஐ ஏஜென்ட் செய்துகொண்டிருக்கிறோம், அடியில் ஆப்பியம் (போன் ஆப்களைத் தானாக இயக்கும் சாஃப்ட்வேர்). ஃபைல் அழிக்க ஒரு டூல் சேர்த்து, "கொடுத்த ஃபைலை அழிக்கும்" என்று ஒரு வரி விளக்கம் எழுதினேன். சில நேரம் ஃபைலே இல்லாதபோதும் "அழித்துவிட்டேன்" என்கிறது. ஒருமுறை ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரின் பாதையையே அனுப்பியது. விளக்கத்தை எப்படி எழுதுவது?

பதில்: ஒரு வரி போதாது. மனிதர் படிக்கும் டாக்குமென்டேஷன் என்றால் சந்தேகம் வந்தவர் கோடைத் திறந்து பார்ப்பார், இல்லை பக்கத்து சீட்டில் கேட்பார். ஏஜென்டின் மூளையாக இருக்கும் ஏஐ மாடலுக்கு அந்த வசதி கிடையாது. டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (டூலுக்கு என்னென்ன தகவல், எந்த வடிவில் தர வேண்டும் என்ற பட்டியல்), இவ்வளவுதான் அதன் கையில் இருக்கிறது. நீங்கள் எழுதாமல் விட்டதை அது ஊகித்துக்கொள்ளும். ஃபைலைப் படிக்கும் டூலில் ஊகம் தப்பினால் ஒரு எரரோடு போகும், இங்கே யாரோ ஒருவரின் கல்யாண போட்டோ போகும்.

இல்லாத ஃபைலை அழித்ததாகச் சொல்வது பெரும்பாலும் மாடலின் பொய் இல்லை. ஆப்பியத்தின் டெலீட்ஃபைல் கட்டளை, அழித்தால் ட்ரூ (ஆம்) தரும். பாதை ஒழுங்காக இருந்து அங்கே ஃபைல் இல்லையென்றால் ஃபால்ஸ் (இல்லை) தரும், எரர் எதுவும் வராது. உங்கள் கோட் அந்த ஃபால்ஸைக் கண்டுகொள்ளாமல் "முடிந்தது" என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்டும் அதையே ஒப்பிக்கும். ஏடிபி ஷெல்லில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் வழி) நேரடியாக ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையை ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான், அதோடு மைனஸ் எஃப் (கட்டாயமாக அழி) போட்டுவிட்டால் இல்லாத ஃபைலுக்கும் வெற்றி என்றே வரும். அதனால் ட்ரூ, ஃபால்ஸ் வேண்டாம். "அழிந்தது", "அங்கே இல்லை", "அனுமதி இல்லை" என்று தனித்தனி பதிலாகக் கொடுங்கள், ஒவ்வொன்றும் வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். "அங்கே இல்லை என்று வந்தால் அதே மாதிரி வேறு பெயர்களை முயலாதே, ஃபோல்டரைப் பட்டியலிட்டுப் பார், அதிலும் இல்லையென்றால் பயனரிடம் சொல்." இந்த வரி ரொம்ப முக்கியம். இதை எழுதாவிட்டால், உதவி செய்யும் ஆர்வத்தில் மாடல் கிட்டத்தட்ட அதே பெயருள்ள இன்னொரு ஃபைலைப் பிடித்து அழித்துவிட வாய்ப்பிருக்கிறது.

அப்புறம் பாதை. "ஒரு ஃபைல் மட்டும், முழுப் பாதை, ஃபோல்டர் கூடாது, நட்சத்திரக் குறி (பல ஃபைல்களை ஒரேயடியாகக் குறிப்பது) கூடாது" என்று எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, கோடும் அதைத் தடுக்க வேண்டும்; விளக்கம் என்பது மாடலிடம் வைக்கும் வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. குறிப்பாகப் பெயரில் இடைவெளி இருந்தால் கவனம். டவுன்லோடில் "பில்" என்று ஒரு ஃபோல்டர், "பில் 2024" என்று இன்னொன்று இருக்கிறது என்று வையுங்கள். இரண்டாவதை அழிக்க ஏடிபி ஷெல் வழியே ஆர்எம் மைனஸ் ஆர் (ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு அழிப்பது) அனுப்பினால், உங்கள் கம்ப்யூட்டரில் போட்ட மேற்கோள் குறி அங்கேயே கழன்றுவிடும், போனில் உள்ள ஷெல் பாதையை இடைவெளியில் இரண்டாக வெட்டும், கேட்காத "பில்" ஃபோல்டர் மொத்தமாகப் போய்விடும். எனவே மேற்கோள் போடும் வேலையை டூல் பார்த்துக்கொள்ளட்டும். விளக்கத்தில் "பாதையை அப்படியே கொடு, குறி எதுவும் சேர்க்காதே" என்று சொல்லுங்கள். ஸ்லாஷ் எஸ்டிகார்டு என்பதும் ஸ்டோரேஜ், எமுலேட்டட், 0 என்று போகும் பாதையும் ஒரே இடம்தான் என்பதையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றை அழித்துவிட்டு "இன்னொரு பிரதி இருக்கிறது" என்று தேடிக்கொண்டிருக்கும்.

போனுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, பலர் இதை யோசிப்பதில்லை. ஏஜென்ட் போனுக்குள்ளேயே ஒரு ஆப்பாக ஓடுகிறது என்றால், ஆண்ட்ராய்டு 11 முதல் அது மற்ற ஆப்கள் உருவாக்கிய போட்டோ, வீடியோவை மீடியாஸ்டோர் (போனில் உள்ள போட்டோ, வீடியோக்களை ஆண்ட்ராய்டு நிர்வகிக்கும் பகுதி) வழியே அழிக்கக் கேட்கும்போது பயனரிடம் ஒப்புதல் கேட்கும் பெட்டி பொதுவாகத் திரையில் வரும். ஆனால் திரையைத் தட்டுவதே உங்கள் ஏஜென்டின் வேலை! கேட்கிற கை, அனுமதிக்கிற கை இரண்டும் அதனுடையதே ஆகிவிடும். "இந்தப் பெட்டியில் நீ எதையும் அழுத்தாதே, பயனர் அழுத்தும்வரை காத்திரு" என்று எழுதுங்கள், தட்டும் டூலிலும் அந்தப் பெட்டி வந்தால் நிறுத்தும்படி கோட் போடுங்கள். முடிந்தால் நேரடியாக அழிக்காமல் ட்ராஷுக்கு அனுப்பும் வழியைப் பயன்படுத்துங்கள், அந்த வசதியும் 11-லேயே வந்துவிட்டது, வழக்கமாக 30 நாள் வரை மீட்கலாம். என்னைக் கேட்டால் முதல் பதிப்பில் ட்ராஷ் மட்டும் இருந்தாலே போதும்.

இன்னொன்று: திரையில் வரும் மெசேஜிலோ ஃபைல் பெயரிலோ "எல்லாவற்றையும் அழி" என்று எவராவது எழுதி வைத்திருக்கலாம். அழிக்கும் ஆணை பயனரிடமிருந்து மட்டும்தான் வரலாம் என்பதும் விளக்கத்தில் இருக்கட்டும்.

இந்த டூலை எம்சிபி (ஏஐ ஆப்களோடு டூல்களை இணைக்கும் பொது நெறிமுறை) சர்வர் வழியே கொடுப்பதாக இருந்தால் டிஸ்ட்ரக்டிவ்ஹிண்ட் என்ற குறிப்பை ட்ரூ என்றே வையுங்கள். எதுவும் போடாவிட்டாலும் ட்ரூ என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், ஆனாலும் வெளிப்படையாக இருப்பது நல்லது. பெயரிலேயே சொல்வதுபோல அது வெறும் குறிப்புதான், அதைப் பார்த்துப் பயனரிடம் கேட்பதா வேண்டாமா என்பது அந்தப் பக்கம் இருக்கும் கிளையன்டின், அதாவது டூலை அழைக்கும் ஆப்பின், முடிவு.

மொத்தமாகப் பத்து வரிக்குள் முடித்துவிடலாம், ஒவ்வொரு முறையும் மாடல் இதைப் படித்தாக வேண்டும் என்பதால் நீளமும் செலவுதான். விளக்கத்தை மாற்றும்போதெல்லாம், டம்மி ஃபைல்கள் நிரப்பிய ஒரு டெஸ்ட் போனில் இல்லாத ஃபைல், இடைவெளி உள்ள பெயர், ஃபோல்டர் பாதை என்று கேட்டுப் பாருங்கள். ஏஜென்ட் சொன்ன பதிலை நம்பாமல் போனில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நீங்களே பட்டியல் எடுத்துச் சரிபாருங்கள்.