எங்கள் பிசியோதெரபி சங்கக் கிளையின் பழைய ஆவணங்களை எப்படிப் பாதுகாப்பது?

இரண்டு பீரோ நிறையத் தாள்கள் இருக்கின்றன, நல்ல ஸ்கேனர் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாவட்டக் கிளையில் செயலாளராக இருந்து இதே வேலையைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஸ்கேனரைக் கடைசியில் வாங்கலாம். முதலில் போனை எடுத்து முன்னாள் செயலாளர்கள் எல்லோரையும் அழையுங்கள்.

பழைய ஆவணம் என்றாலே செல்லரித்த தாள்தான் நம் கண்ணுக்கு வருகிறது. ஆனால் 1970களின் மினிட்ஸ் புத்தகம் காலிகோ என்ற துணி பைண்டிங்கில், நல்ல மையில், கரையான் மட்டும் அண்டாமல் இருந்தால் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். உண்மையான ஆபத்து 1990க்குப் பிந்தையவற்றுக்கு. அப்போது வந்த ஃபேக்ஸ் கடிதங்கள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சானவை. பீரோவுக்குள் வைத்திருந்தாலும் எழுத்து வெளுத்துக்கொண்டே போகும். அவற்றை இந்த வாரமே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அதற்கடுத்த காலத்துக் கடிதங்களோ தாளிலேயே இருக்காது, செயலாளர்களின் சொந்த மின்னஞ்சலில் கிடக்கும். இரண்டு ஆண்டுகள் திறக்காத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பது அவர்களின் இப்போதைய விதி. போன் செய்யச் சொன்னது இதற்குத்தான். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, பழைய கடிதங்களை அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் "சரி, செய்துவிடலாம்" என்று முடிந்த விஷயங்கள் இன்னும் மோசம். அவற்றை அடுத்த செயற்குழுவில் தீர்மானமாக எழுதிக்கொண்டால்தான் உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு என்று உங்கள் பொருளாளர் கேட்பார் (எங்களவர் கேட்டார்). இந்தியாவில் நம் தொழிலுக்கு மத்திய அளவில் சட்டம் வந்ததே 2021இல்தான். இந்தியப் பிசியோதெரபிஸ்ட் சங்கம் தொடங்கியது 1955இல். இடைப்பட்ட காலம் முழுக்க, தொழிலை ஒழுங்குபடுத்தும் கவுன்சில் கேட்டு எழுதிய மனுக்களும், அமைச்சகத்திலிருந்து வந்த பதில்களும், யார் படித்தவர் என்று காட்டிய உறுப்பினர் பதிவேடும் சங்கங்களிடம்தான் சேர்ந்திருக்கின்றன. பெயருக்கு முன் டாக்டர் போடலாமா என்ற சண்டையில் எந்த ஆண்டு யார் என்ன எழுதினார்கள் என்பதும் இந்தக் கட்டுகளில்தான் இருக்கும்.

லண்டனைப் பாருங்கள். 1894இல் அங்கே ஒரு மருத்துவ இதழ், மசாஜ் நிலையம் என்ற பெயரில் விபச்சாரம் நடப்பதாக எழுதியது. முறையாகக் கற்று மசாஜ் செய்துவந்த செவிலியர்களுக்கும் அவப்பெயர். லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பால்மர் என்ற நால்வர் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். மருத்துவர் சொல்லாமல் மசாஜ் செய்யக்கூடாது, மருத்துவ இதழ் தவிர வேறெதிலும் விளம்பரம் கூடாது, நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது என்று விதி எழுதினார்கள். 1920இல் அரச சாசனம், அதாவது மன்னரின் அங்கீகாரப் பத்திரம், கிடைத்தது. 1944இல் பிசியோதெரபி என்பது சங்கத்தின் பெயருக்குள் வந்தது. அதன் பழைய ஆவணங்கள் இன்று லண்டன் வெல்கம் நூலகத் தொகுப்பில் இருக்கின்றன. அந்த நால்வர் எதற்கு அஞ்சினார்கள் என்பதை அந்த விதிகளே காட்டிக்கொடுக்கின்றன. ஆண்டு விழா மலரில் இதெல்லாம் வராது. அதில் வாழ்த்துச் செய்தியும் விளம்பரமும்தான் இருக்கும்.

ஆகவே உங்களிடம் மட்டுமே இருப்பவற்றை முதலில் பிரித்து வையுங்கள்: மினிட்ஸ், கணக்கு, கடிதப் போக்குவரத்து, உறுப்பினர் பதிவேடு, புகைப்படங்கள். அச்சான மலரும் இதழும் வேறு யார் வீட்டிலாவது கிடைக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவான கிளை என்றால், விடுபட்ட ஆண்டறிக்கைகளுக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பார்க்கலாம்.

புகைப்படங்களை மூத்தவர்களிடம் கொண்டுபோய் உட்காருங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர் மாநாடு என்று கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம். அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்கேனரால் முகத்தைத்தான் எடுக்க முடியும், பெயரை எடுக்க முடியாது.

தாள்களுக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருப்பிடிக்கும், பொறுமையாக எடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது. சூடுபட்டு ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. பீரோவைச் சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்த தாள்களின் கதி உங்களுக்கே தெரியும்.

அப்புறம்தான் ஸ்கேன். ஸ்கேனின் நுணுக்கம் எழுத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), புகைப்படத்துக்கு 600. கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும். ஒரு பிரதி கிளையில், ஒன்று வேறு ஊரில், ஒன்று இணையத்தில்.

இவற்றை மட்டும் பொதுவில் போடாதீர்கள்: உறுப்பினர்மேல் வந்த புகார், விசாரணை, நோயாளியின் பெயர் உள்ள கடிதம். அவற்றைத் தனிக்கட்டாக மூடி, யார் எப்போது திறக்கலாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள். பிறகு எந்த நூலகத்துக்குக் கொடுத்தாலும் அந்தத் தீர்மானத்தின் நகலும் கட்டோடு போகட்டும்.