ஊசி போட்ட குட்டிக்கும் பார்வோ வருமா?

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு 8 வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டோம். அடுத்த ஊசிக்கு நாள் வருவதற்குள் வாந்தி, ரத்தக்கழிச்சல். பார்வோ என்கிற, நாய்களுக்கு வரும் வைரஸ் நோய் என்கிறார் டாக்டர், டிரிப்ஸ் ஏறுகிறது. ஊசி போட்டும் எப்படி வந்தது? வீட்டில் பெரிய நாயும் இருக்கிறதே, அதற்கும் ஒட்டுமா?

பதில்: ஊசியே வீண் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். பிறந்த அன்று குடிக்கிற சீம்பாலில்தான் குட்டிக்கு அம்மாவின் எதிர்ப்புச் சக்தி வந்து சேர்கிறது, முதல் சில வாரங்களுக்கு அதுதான் காவல். சிக்கலும் அங்கேதான். ஊசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸையும் அது விட்டுவைக்காது, குட்டியின் உடம்பு அதை அடையாளம் காண்பதற்குள் அழித்துவிடும். அப்புறம் அந்தச் சக்தி தேயத் தேய, நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும் என்று ஒரு கட்டம் வருகிறது, அது எந்த வாரம் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி 2-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள். உங்கள் குட்டி மாட்டியது அந்த இடைவெளியில்தான் என்று தோன்றுகிறது.

நேரத்தோடு டாக்டரிடம் போனது மிக நல்லது. இந்த வைரஸ் குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. வெள்ளை அணுக்கள் சரிந்து, குடலில் கிடக்கும் பாக்டீரியா ரத்தத்தில் இறங்கிவிடும், ஆன்டிபயாடிக் கொடுப்பது அதற்காகத்தான். முறையான சிகிச்சை கிடைத்த குட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன, தைரியமாக இருங்கள்.

பெரிய நாய்க்கு ஊசிகள் தவறாமல் போட்டிருந்தால் பயம் குறைவு. விட்டுப்போயிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மனிதர்களுக்கு இது ஒட்டாது, ஆனால் நம் செருப்பிலும் துணியிலும் வைரஸ் பயணம் போகும். ஃபினாயில், சானிடைசர் எதையும் நம்ப வேண்டாம். கழிச்சலை முழுக்கக் கழுவி எடுத்த பிறகு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. மண்தரையில் இந்த வைரஸ் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். எனவே ஊசி வரிசை முடியாத இன்னொரு குட்டியை இப்போதைக்கு அந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.