கைலாஷ் போக அம்மாவோட வளையல அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். தஞ்சாவூர் பக்கம் இருக்கோம், எனக்கு 43 வயசு, பிரைவேட் ஸ்கூல்ல வேலை, கைக்கு 58,000 வருது, வீட்டுல நான் மட்டும்தான் சம்பாதிக்கிறேன். வீட்டு லோன் இஎம்ஐ 17,500, பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், அவன் காலேஜுக்காக மாசம் 12,000 ஆர்டி போடறேன். எஃப்டில 3,60,000 இருக்கு. அம்மாவுக்கு 66 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறாங்க, வேற ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு திருவையாறு போவாங்க, ஒரு தடவ கைலாஷப் பாத்துடணும்னு அப்பா இருந்தப்பவே சொல்லிட்டு இருந்தாங்க. ஒரு டிராவல்ஸ்ல நேபாள் வழியா கூட்டிட்டுப் போறோம்னு ஆளுக்கு 2,35,000 கேக்கறாங்க, இந்த வருஷம் குதிரை வருஷம், சீட்டு சீக்கிரம் முடிஞ்சிடும், பத்து நாளுக்குள்ள பாதிப் பணம் கட்டுங்க, விசாவுக்கு நாங்க கேரண்டின்னு சொல்றாங்க. மீதிக்கு அம்மாவோட ஆறு பவுன் வளையல அடகு வைக்கலாம்னு அம்மாவே சொல்றாங்க. கட்டலாமா?

பதில்: இப்ப கட்டாதீங்க. யாத்திரையே வேண்டாம்னு சொல்லல, நான் 2014ல போயிட்டு வந்தவ, மானசரோவர் ஏரிக்கரையில விடியக்காலைல நின்னது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு, உங்க அம்மா அங்க நிக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா இது டிக்கெட் போட்டா போயிடற ஊர் இல்ல. திபெத்துக்குள்ள போக சீனா விசா மட்டும் போதாது, திபெத் பெர்மிட்னு தனியா ஒண்ணு வேணும், ரெண்டுமே உங்க கையிலயும் இல்ல டிராவல்ஸ் கையிலயும் இல்ல. 2020ல கோவிடுக்கு நின்ன நம்ம அரசாங்க யாத்திரை 2024 வரைக்கும் நடக்கவே இல்ல, அஞ்சு சீசன் போச்சு, மறுபடி 2025 ஜூன்லதான் ஆரம்பிச்சாங்க. அதனால மொத்தம் எவ்வளவு ஆகும்னு கேக்கறதுக்கு முன்னாடி, போக முடியாமப் போச்சுன்னா எவ்வளவு போகும்னு கேக்கணும், இந்தக் கேள்விக்கு பதில் தெரியாம ஒரு ரூபா கூட கைய விட்டுப் போகக் கூடாது.

நேபாள் வழி எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன். நாம நேபாள் போக விசா வேண்டாம், ஆனா அங்கேர்ந்து திபெத்துக்குள்ள தனியாளா போக விடமாட்டாங்க, குரூப்பாதான் போகணும். பெர்மிட் முதல்ல வரணும், அப்புறம் காட்மாண்டுல சீனத் தூதரகத்துல எல்லாரோட ஒரிஜினல் பாஸ்போர்ட்டையும் கொடுத்து குரூப் விசா வாங்கறாங்க. ஒரே பேப்பர்ல எல்லார் பேரும் இருக்கும், சேர்ந்து உள்ள போகணும் சேர்ந்து வெளிய வரணும். இது கைக்கு வர்றதே கிளம்பறதுக்கு சில நாள் முன்னாடிதான், அப்போ பத்து நாளுக்குள்ள பணம் வாங்கற ஒருத்தர் எத வச்சு விசாவுக்கு கேரண்டி சொல்றாரு? அவர் கெட்டவர்னு சொல்ல வரல, அவர்கிட்ட இல்லாத ஒண்ண தர்றேங்கறார், அவ்வளவுதான். இந்த ஒரே பேப்பர்ல இன்னொரு செலவும் ஒளிஞ்சிருக்கு. போற வழியில திபெத்துல சாகான்னு ஒரு ஊர், சுமார் 4,500 மீட்டர் உயரம், அங்க உங்க அம்மாவுக்கு மூச்சு வாங்கி திரும்பணும்னா நீங்களும் கூடத் திரும்பணும், ரெண்டு பேர் பேர மட்டும் அந்த விசாலேர்ந்து பிரிக்கணும், தனி வண்டி எடுக்கணும், அந்தச் செலவு பேக்கேஜ்ல இருக்காது. திபெத் பக்கம் நேபாள் மாதிரி ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போகும்னும் நினைக்காதீங்க, பார்டர் வரைக்கும் வண்டியிலதான் வரணும்.

இப்ப கணக்கு. 2,35,000ன்னா ரெண்டு பேருக்கு 4,70,000. சென்னை டு காட்மாண்டு போக வர ரெண்டு பேருக்கும் 44,000 வைங்க. பரிக்ரமாவுக்கு, அதாவது கைலாஷச் சுத்தி வர்றதுக்கு, அம்மாவுக்கு குதிரை, ரெண்டு பேருக்கும் போர்ட்டர், இது பெரும்பாலும் பேக்கேஜ்ல சேராது, அங்க யுவான்ல ரொக்கமா கொடுக்கணும், 60,000 எடுத்து வைங்க, பாதியில திரும்பினாலும் குதிரைக் காசு திரும்ப வராது. ஷூ, தெர்மல், மழைக்கோட்டு 30,000, மெடிக்கல் டெஸ்ட் 15,000, இன்சூரன்ஸ் 12,000, டிப்ஸ் சாப்பாடு சில்லறைச் செலவு 25,000. கடைசியா தாமதத்துக்குன்னு 60,000, இத யாரும் போடறதே இல்ல, நான் கட்டாயம் போடச் சொல்வேன். 2018 ஜூலையில மழையால நேபாள்ல சிமிகோட், ஹில்சா பக்கம் விமானமும் ஹெலிகாப்டரும் பறக்க முடியாம 1,500க்கு மேல நம்ம யாத்ரீகர்கள் மாட்டிக்கிட்டாங்க, எங்கிட்ட கணக்கு பாக்கற ஒரு தம்பதியும் அதுல இருந்தாங்க, திரும்பி வர்ற டிக்கெட் போச்சு, புது டிக்கெட், ரூம், எல்லாம் கார்டுல தேய்ச்சு அந்தக் கடன அடைக்க எட்டு மாசம் ஆச்சு. 2025 ஜூலை 8ம் தேதி நேபாள்-திபெத் எல்லையில ரசுவாகடியில வெள்ளம் வந்து எல்லைப் பாலமே அடிச்சிட்டுப் போச்சு, காட்மாண்டுலேர்ந்து ரோடு வழியா நிறைய பேர் போறது அந்தப் பக்கமாத்தான். சரி, எல்லாம் கூட்டினா 7,16,000 வருது. உங்க டிராவல்ஸ் சொன்ன 4,70,000ல நிக்கல.

உங்ககிட்ட 3,60,000 இருக்கு, குறையறது 3,56,000. வளையல வச்சு அவ்வளவும் கடனா வாங்கி வருஷம் 10 சதவீதம் வட்டின்னு வச்சு ரெண்டு வருஷத்துல அடைக்கப் பாத்தா மாசம் 16,000க்கு மேல போகும். 58,000ல வீட்டு இஎம்ஐயும் ஆர்டியும் போக 28,500 நிக்குது, அதுல இதுவும் போச்சுன்னா 12,000 சொச்சத்துல மூணு பேர் சாப்பிட்டு கரண்ட் பில்லும் கட்டணும், முடியாது. முதல்ல நிக்கறது பையனோட ஆர்டியாத்தான் இருக்கும், அவன் காலேஜ் சேர்ற நேரத்துல நீங்க கைலாஷ் கடன் கட்டிட்டு இருப்பீங்க. அந்த எஃப்டி தவிர அவசரத்துக்கு கையில வேற என்ன இருக்குன்னும் நீங்க எழுதல, ஒண்ணும் இல்லன்னா இது இன்னும் மோசம்.

அப்போ என்ன பண்ணலாம்? நம்ம வெளியுறவுத் துறை நடத்தற யாத்திரைக்கு விண்ணப்பம் போடுங்க. 2025ல உத்தராகண்ட்ல லிபுலேக் கணவாய் வழி ஆளுக்கு சுமார் 1,74,000, சிக்கிம்ல நாதுலா கணவாய் வழி சுமார் 2,83,000 ஆச்சு, ரெண்டுமே மூணு வாரக் கணக்கு, அதனால ஸ்கூல்ல லீவு முன்னாடியே பேசி வைங்க. உங்க பட்ஜெட்டுக்கு லிபுலேக்தான், முன்ன மாதிரி அவ்வளவு நடை இல்ல, ரோடு நல்லா உள்ள வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு பேருக்கு 3,48,000, டெல்லி போக வர, துணிமணி, குதிரை, கைச்செலவு, தாமதம் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,20,000, ஆக 4,68,000. எஃப்டி போக 1,08,000 குறையும், அதுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு வளையல வைக்கலாம், மாசம் 9,500 மாதிரி கட்டினா ஒரு வருஷத்துல மீட்டுடலாம், கஷ்டம்தான், ஆனா முடியற கஷ்டம்.

இதுல பிரச்சினை குலுக்கல். 2025ல 5,561 பேர் போட்டு 750 பேருக்குத்தான் கிடைச்சது, ஏழு பேருக்கு ஒருத்தர்னு வைங்க. வயசு 70 வரைக்கும்தான், உயரத்துக்கேத்த எடையக் காட்டற பிஎம்ஐ 25க்குள்ள இருக்கணும், டெல்லியில ரெண்டு இடத்துல மெடிக்கல் பாப்பாங்க, அங்க பிபி ஏறி இருந்துச்சுன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, கட்டின கன்ஃபர்மேஷன் பணம் திரும்ப வராது. பாஸ்போர்ட் அந்த வருஷம் செப்டம்பர் 1ம் தேதிக்கு அப்புறமும் ஆறு மாசம் செல்லணும், அம்மா பாஸ்போர்ட்ட இன்னைக்கே எடுத்துப் பாருங்க. 2025ல ஏப்ரல் கடைசியில ஆரம்பிச்சு மே 13 வரைக்கும்தான் விண்ணப்பம் வாங்கினாங்க, சட்டுனு முடிஞ்சிடும். பேர் வந்தா சந்தோஷம், வரலன்னா உங்க 3,60,000 வட்டியோட அப்படியே இருக்கும், அடுத்த வருஷம் மறுபடி போடுங்க, அம்மாவுக்கு 70 வரைக்கும் இன்னும் நாலு தடவ போடலாம்.

அடுத்த வருஷம்னு 66 வயசு அம்மாவுக்கு சொல்றது சுலபம் இல்ல, எனக்குத் தெரியும், அதனாலதான் முதல் செலவா அந்த மெடிக்கல் டெஸ்ட்ட சொல்றேன். விண்ணப்பத்துக்கும் முன்னாடி, அட்வான்ஸுக்கும் முன்னாடி, ஒரு ஹார்ட் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் பாத்து, மானசரோவர் 4,590 மீட்டர், பரிக்ரமாவுல ஏற வேண்டிய டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர், போகலாமான்னு நேராக் கேளுங்க. போகலாம் ஆனா பரிக்ரமா வேண்டாம்னு சொன்னா அதுவும் நல்ல பதில்தான், ஏரியத் தரிசிச்சு, பரிக்ரமா ஆரம்பிக்கற யமத்துவாரம் வரைக்கும் போயிட்டு, மலையடிவாரத்துல டார்ச்சன் ஊர்ல தங்கிக்கலாம், அந்த 52 கிலோமீட்டர் சுத்தலன்னா குதிரைச் செலவே மிச்சம்.

போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டா பாஸ்போர்ட்டே இல்லாம பாக்கற வழி ஒண்ணு இருக்கு. உத்தராகண்ட்ல பித்தோராகர் பக்கம் பழைய லிபுலேக் மலையிலேர்ந்து கைலாஷ் தெரியுது, 2024 அக்டோபர்லேர்ந்து நம்ம மண்ணுல நின்னே பாக்கலாம், ஆதி கைலாஷ், ஓம் பர்வதம்ங்கற மலைங்களும் அந்தப் பக்கம்தான். இதுவும் உயரம்தான், டாக்டர்கிட்ட சேர்த்துக் கேளுங்க. அது கூட முடியாதுன்னா நேபாள்கஞ்ச்லேர்ந்து விமானத்துல ஏறி கைலாஷப் பாத்துட்டு அங்கேயே வந்து இறங்கற மாதிரி 2024 ஜனவரியில ஒண்ணு நடத்தினாங்க, அந்த மாதிரி அறிவிப்பு வந்தா பாக்கலாம், சீனா விசா வேண்டாம். ரெண்டுமே உங்க எஃப்டிக்குள்ள அடங்கற செலவு. அம்மாவுக்கு நான் சொல்லணும்னு இல்ல, வருஷா வருஷம் திருவையாறு போறவங்க, கைலாஷுக்குக் கிளம்பி தேய்ஞ்சு தவழ்ந்து போன அப்பருக்கே அதுக்கு மேல போக முடியல, காட்சி திருவையாத்துலதான் கிடைச்சுதுன்னு என்ன விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

குதிரை வருஷம் பத்தி ஒரு வார்த்தை. அது திபெத் பௌத்தர்கள் கணக்கு, பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வரும், அப்ப ஒரு தடவ சுத்தினா பதிமூணு தடவ சுத்தின பலன்னு அவங்க நம்பிக்கை, அத நான் மதிக்கறேன். ஆனா 2014ம் குதிரை வருஷம்தான், நான் போனப்ப இருந்த கூட்டத்துல ரூம், குதிரை எல்லாத்துக்கும் போட்டி, விலையும் அதுக்கேத்த மாதிரி. நம்ம சைவத்துல அப்படி ஒரு கணக்கு கிடையாது, சிவன் 2027லயும் அங்கதான் இருப்பாரு. அவசரப்படுத்தறதுக்கு இது காரணமே இல்ல.

தமிழ்நாடு அரசு மானியத்த யாரும் உங்களுக்குச் சொல்லலன்னு நினைக்கறேன். மானசரோவர் போயிட்டு வர்ற தமிழ்நாட்டு இந்துக்கள் 500 பேருக்கு அறநிலையத்துறை மூலமா கொடுக்கறாங்க, 40,000ல ஆரம்பிச்சு அப்புறம் 50,000 ஆக்கினாங்க. போயிட்டு வந்த அப்புறம்தான் விண்ணப்பிக்கணும், அதனால பட்ஜெட்ல வரவா எழுதாதீங்க, ஆனா விசா காப்பி, பாஸ்போர்ட் சீல், பணம் கட்டின ரசீது எல்லாத்தையும் பத்திரமா வைங்க. வந்துச்சுன்னா நேரா வளையல மீட்டுடுங்க.

இதெல்லாம் கேட்டும் தனியார்லதான் போகணும்னா, ஆளுக்கு 20,000க்கு மேல முன்பணம் தராதீங்க, அதுவும் கம்பெனி அக்கவுண்ட்டுக்கு, யாரோட பர்சனல் ஜிபேக்கும் இல்ல. பெர்மிட் வரலன்னா எவ்வளவு திரும்பும், சீனா பார்டர மூடினா யார் செலவு, ஒருத்தர் பாதியில திரும்பினா என்னன்னு மூணையும் எழுதி வாங்குங்க, எழுதித் தரமாட்டேன்னா அந்த இடம் வேண்டாம். இன்சூரன்ஸ் எடுக்கறப்ப எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் கவர்னு பாருங்க, நிறைய பாலிசியில உயரமான மலை ஏறினா கிளெய்ம் இல்லன்னு உள்ள போட்டிருப்பாங்க, அம்மாவோட பிபிய மறைக்காம எழுதுங்க. இங்க உள்ள டிராவல்ஸ்க்கு கட்டினா மேல டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிப்பாங்க, 5 சதவீதமா இருந்தத 2026 பட்ஜெட்ல 2 சதவீதமாக் கொறைச்சாங்க, அது செலவு இல்ல, புது வரி முறையில உங்க சம்பளத்துக்கு வரியே வராது, ரிட்டர்ன் ஃபைல் பண்ணினா முழுசாத் திரும்ப வரும், பான் நம்பர் மட்டும் கரெக்டா கொடுங்க.

டாக்டர்கிட்ட போயிட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. எஃப்டி எந்த மாசம் முடியுதுங்கறதையும் சேர்த்து எழுதுங்க, குலுக்கல்ல பேர் வந்தா முன்னாடியே உடைக்க வேண்டி வரும், அதுல எவ்வளவு வட்டி போகும்னு கணக்கு போட்டுத் தர்றேன்.