பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் (கணினியில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் சர்வராக அதை மாற்றும் இலவச மென்பொருள்) போட்டேன், டிவியில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. புது மெஷின் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். லேப்டாப் மாடலை நீங்கள் சொல்லவில்லை. வீட்டில் சும்மா கிடந்த பழைய ஐ3 லேப்டாப்பாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் "என்100 சிப் போட்ட மினி பிசி வாங்குங்க" என்று உடனே பதில் வந்துவிடுகிறது. நல்ல சிப்தான், மறுக்கவில்லை. ஆனால் லேப்டாப் ஏன் திணறுகிறது என்று பார்க்காமலே ஒருவரைச் செலவுக்குள் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கோப்பை இருக்கிறபடியே டிவிக்கு அனுப்புவது எந்தப் பழைய லேப்டாப்புக்கும் பெரிய வேலையே இல்லை. டிவிக்குப் புரியாத வடிவத்தில் கோப்பு இருந்தால்தான் சர்வர் அதைப் படம் ஓடும்போதே மாற்றித் தர வேண்டியிருக்கிறது. அந்த டிரான்ஸ்கோடிங்தான் மெஷினைப் பிழிந்தெடுக்கும். படம் ஓடும்போது ஜெல்லிஃபினின் டாஷ்போர்டை, அதாவது அதன் நிர்வாகப் பக்கத்தை, திறந்து பாருங்கள். படம் நேராகப் போகிறதா, டிரான்ஸ்கோட் ஆகிறதா, ஆகிறதென்றால் என்ன காரணம் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அவர் சம்பாதித்த காலத்தில் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்த டிவிடிகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. பிளேயர் பழுதானதும் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி ஜெல்லிஃபினில் போட்டேன். (திருட்டுப் படமா என்று கேட்க வருபவர்களுக்கு: எல்லாம் அவர் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்.) படம் நன்றாக ஓடியது. ஆனால் சப்டைட்டிலைப் போட்டவுடன் நின்று நின்று வந்தது. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வரி வேண்டாம்ப்பா, நான் சும்மாவே பாத்துக்கறேன்" என்றார். வரி இல்லாமல் அவருக்கு என்ன புரியும்?

விசாரித்த கடையில் புது மெஷின்தான் தீர்வு என்றார்கள். டாஷ்போர்டோ வேறு கதை சொன்னது. டிவிடியில் வரும் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம் (இமேஜ்). ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் படத்துண்டு. எங்கள் டிவி ஆப்புக்கு அதைக் காட்டத் தெரியாததால், சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தத் துண்டை ஒட்டி, முழு வீடியோவையும் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தது. சிபியு நூறு சதவீதத்தில் நின்றது அதனால்தான். ப்ளூரே சப்டைட்டிலும் இதே ஜாதி. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் அந்தத் துண்டுகளைப் படித்து எஸ்ஆர்டி கோப்பாக, அதாவது வெறும் எழுத்தாக, மாற்றித் தரும். மாற்றி, படக் கோப்பின் பெயரையே அதற்கும் வைத்து, அதே ஃபோல்டரில் போட்டேன். அதே லேப்டாப் இப்போது அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிறது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வரிகளெல்லாம் ஆங்கிலம். அப்பா தமிழ் வழியில் படித்தவர், ஆங்கில வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே வரி போடுவதில் என்ன கஷ்டம்? "தமிழ்தானே பேசுறாங்க, எதுக்கு?" என்கிறார்கள். காது கேட்காதவர்கள் நம் வீடுகளில் இல்லையா? சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடியிலும் பல தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில வரி மட்டும்தான் கிடைக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை.

அதனால் அப்பாவுக்குப் பிடித்த சில படங்களுக்கு நானே வசனத்தைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து தமிழ் எஸ்ஆர்டி செய்தேன். யாராவது செய்வதாக இருந்தால், கோப்பை யூடிஎஃப்-8-இல் (தமிழ் எழுத்து சிதையாமல் இருக்கும் யூனிகோட் வடிவம்) சேமியுங்கள். சர்வர் வரியை வீடியோவில் ஒட்டி அனுப்ப நேர்ந்தால் சர்வரிலேயே தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டால் சரியாகிவிடும்.

சரி, உங்கள் விஷயம். சப்டைட்டிலை நிறுத்தியும் திக்கினால் அநேகமாக ஹெச்.265 (வீடியோவை அதிகமாகச் சுருக்கி வைக்கும் முறை) கோப்பாக இருக்கும். இன்டெல் சிப்பில் அதை வன்பொருளே பிரித்துக் காட்டும் வசதி 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது, 10-பிட் (நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் வகை) என்றால் ஏழாம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப் என்றால் அந்தக் கோப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒரே ஒரு முறை பழைய முறையான ஹெச்.264-ஆக மாற்றிவிடுங்கள். ராத்திரி ஓடவிட்டால் காலையில் சில படங்களாவது முடிந்திருக்கும். டிவி ஆப்பில் தரம் குறைவாக வைத்திருந்தாலும் டிரான்ஸ்கோட் ஆகும், அதையும் பாருங்கள். முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு லேன் வயர் இழுங்கள். லேப்டாப் எப்போதும் சார்ஜரிலேயே இருக்குமென்றால் பேட்டரி உப்புகிறதா என்று அவ்வப்போது கவனியுங்கள்.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் 8096 போர்ட்டை (ஜெல்லிஃபின் பயன்படுத்தும் வாசல் எண்) திறந்துவிடச் சொல்லும் யூடியூப் வீடியோக்களை நம்பாதீர்கள், சர்வர் ஊருக்கே திறந்து கிடக்கும். உங்கள் இணைப்புக்குப் பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய இணைய முகவரி) இல்லையென்றால் அது வேலையும் செய்யாது. உங்கள் சாதனங்களை மட்டும் தனியாக இணைத்துத் தரும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் போதும்.

டாஷ்போர்டில் என்ன காரணம் காட்டுகிறது என்பதையும் லேப்டாப் மாடலையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.