முதலில் கலங்கலைக் கேளுங்கள்: சென்னையை விட்டுத் தள்ளிக் குடியேற நினைப்பவர்களுக்குச் சில பதில்கள்

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து ஊர்களில் முப்பத்தோரு வருடம் நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சிங்கப்பெருமாள்கோயிலுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். வேலை சென்னையில், வீடு வயலும் ஏரியும் கண்ணில் படுகிற ஊரில் என்று குடும்பத்தோடு கிளம்ப நினைப்பவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து ஒரு தாய்: ஐயா, கணவருக்குக் கிண்டியில் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பெரியவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் யூகேஜி. வாடகை கட்டுப்படியாகவில்லை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோயில் மூன்றில் எது நல்லது?

அம்மா, உங்கள் கணவர் கிண்டிக்குப் போக வேண்டும் என்பதால் ரயில் பாதையை விட்டு விலகாதீர்கள். வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் வழியாக ஜிஎஸ்டி சாலையில் தினமும் வண்டி ஓட்டினால் ஆறு மாதத்தில் மனிதர் சோர்ந்துவிடுவார். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அந்தப் பக்கம் நெரிசல் இன்னும் கூடியிருக்கிறது. பண்டிகைக்கு முந்தின நாள் பரனூர் டோல்கேட் வரை வண்டிகள் நிற்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

மூன்றில் ஊரப்பாக்கம் கிட்டத்தட்ட நகரம் ஆகிவிட்டது. நீங்கள் தேடுகிற வயல் அங்கே இல்லை. கூடுவாஞ்சேரியும் இப்போது நகராட்சி. கடை, ஆஸ்பத்திரி, டியூஷன் எல்லாம் கிடைக்கும். கிராமத்துக் காற்று வேண்டுமென்றால் ஸ்டேஷனிலிருந்து உள்ளே சில கிலோமீட்டர் போக வேண்டும். சிங்கப்பெருமாள்கோயில் இன்னும் பாதி ஊர், பாதி டவுன். குடைவரை நரசிம்மர் கோயிலைச் சுற்றி நடந்தால் உங்களுக்கே தெரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். மின்சார ரயில்களில் பாதிக்கு மேல் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போவது குறைவு. அதனால் கணவர் எத்தனை மணிக்கு ஆபீஸிலிருந்து கிளம்புவார் என்று பார்த்து, அந்த நேரத்துக்குக் கிண்டியில் ஏறி ஒரு வாரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். அது பெரிதில்லை. ஸ்டேஷனில் இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோ இருக்கிறதா, இரவு ஒன்பதரைக்கும் இருக்கிறதா என்பதுதான் பெரிது.

பல்லாவரத்திலிருந்து ஒருவர்: முடிச்சூர் பக்கம் தனி வீடு, விலை குறைவாக வருகிறது. தண்ணீர் வருமா என்று கேட்டால், "அதெல்லாம் பழைய கதை" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பழைய கதை இல்லை தம்பி. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது முடிச்சூர், வரதராஜபுரம் மக்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிறைந்தால் தண்ணீர் இந்த வழியாகத்தான் அடையாற்றுக்குப் போகும். அந்த வழியில் வீடுகளைக் கட்டிவிட்டோம். பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கால்வாய் வெட்டினார்கள். அதனால் தேங்குவது குறைந்த தெருக்கள் உண்டு. இருந்தாலும் தண்ணீருக்குத் தன் வழி மறக்காது.

எந்த ஊரானாலும் சரி, வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர் ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஏரி நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம்தான் கலங்கல். அங்கிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகிறது என்பதை மாடு மேய்க்கிற எந்தப் பெரியவரும் கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை நீண்ட திசையில் வீடு வாங்காதீர்கள். கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி நிறைந்தாலும் கீழே இருக்கிற குடியிருப்புகளுக்கு இதே பாடுதான்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், என் மகளுக்காக ஒரு மனை பார்க்கப் போனோம். நல்ல மே மாத வெயில். கல் ஊன்றி, கொடி கட்டி, தார் ரோடு போட்டு அழகாக வைத்திருந்தார்கள். மருமகனுக்குப் பிடித்துவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். காய்ந்த களிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்கு நடுவே, வெளுத்துப்போன நத்தைக் கூடுகள் கிடந்தன. ஒன்று இரண்டு இல்லை, காலால் தள்ளினால் சலசலக்கிற அளவுக்கு. வேலி ஓரம் கோரைப் புல் காய்ந்து நின்றது. வாரக்கணக்கில் தண்ணீர் நின்றால்தான் ஒரு மனையில் அத்தனை நத்தை இருக்கும். விற்க வந்தவரிடம் எதுவும் சொல்லாமல் திரும்பிவிட்டோம். அடுத்த கார்த்திகையில் போய்ப் பார்த்தால் ஊன்றிய கற்களின் தலை மட்டும் தெரிந்தது.

கட்டிய வீடாக இருந்தால் சுவரைத் தடவிப் பாருங்கள். இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

மறைமலைநகரிலிருந்து ஒருவர்: "பஞ்சாயத்து அப்ரூவல்" மனை சதுர அடி விலை பாதிதான். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைக்கு அவ்வளவு கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அப்படிப் போட்ட மனைகளால்தான் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரப்பதிவுக்கே தடை போட்டது. எத்தனையோ பேர் பணத்தைப் போட்டுவிட்டு விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் தவித்தார்கள். அதற்குப் பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை முறைப்படுத்திக்கொள்ள வரன்முறைத் திட்டம் வந்தது. உங்களுக்குக் காட்டுகிற மனை அதில் வரன்முறை ஆகியிருந்தால் அந்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் விலை கால்வாசியாக இருந்தாலும் வேண்டாம். புது மனைப்பிரிவு 500 சதுர மீட்டரையோ எட்டு மனைகளையோ தாண்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள்.

மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வக்கீல் பார்த்துவிடுவார். பலர் விடுவது அ-பதிவேடும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும்தான். அந்தப் புல எண் பட்டா நிலமா, ஏரிப் புறம்போக்கா, ஓடையா, மேய்க்காலா என்பது அ-பதிவேட்டில் இருக்கும். பக்கத்துப் புல எண்களையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் மனை பட்டாவாக இருந்து, அதற்குப் போகிற வழி ஓடைப் புறம்போக்காக இருந்தால் என்ன செய்வீர்கள்? புலப்படத்தை வைத்துக்கொண்டு ஒரு அளவரை அழைத்து நான்கு பக்கமும் அளந்துவிடுங்கள். நானே எத்தனை வீட்டில், கட்டிய சுவர் அடுத்தவர் நிலத்தில் இரண்டடி நிற்கிறது என்று சொல்ல வேண்டி வந்திருக்கிறது. அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பதி: நாங்கள் மேற்குப் பக்கம். திருநின்றவூர், திருவள்ளூர் எப்படி?

சென்ட்ரல் பக்கம் வேலை என்றால் உங்களுக்கு அதுதான் சரி. திருநின்றவூர் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், திருவள்ளூர் 42. திருவள்ளூர் மாவட்டத் தலைநகர் என்பதால் ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாம் அங்கேயே. இடையில் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் எல்லாம் ரயிலடி ஊர்கள். எனக்குத் திருநின்றவூர் மேல் தனிப் பிரியம் உண்டு. கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் அது. வீடு தேடுகிறவர்கள் ஒருமுறை இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். ஆனால் ஏரிகள் நெருக்கமாக உள்ள பக்கம் என்பதால், மேலே சொன்ன கலங்கல் விசாரணை அங்கே இரண்டு மடங்கு தேவை.

திருவான்மியூரிலிருந்து ஒருவர்: குடிதண்ணீர் எப்படிச் சமாளிப்பது? லாரியை நம்பி வாழ முடியாது.

2019 கோடை நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த வருடம் இந்த வீட்டு போர்வெல்லில் தண்ணீர் இருந்ததா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்டுப் பயனில்லை.

வண்டலூரிலிருந்து தெற்கே பல இடங்களில் அடியில் பாறை. ஒரு வீட்டில் தண்ணீர் பொங்கும், அடுத்த வீட்டில் முந்நூறு அடி போட்டும் புழுதிதான் வரும். கடற்கரை ஓரம் உப்பு. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்துக் கடல்நீரே நிலத்தடியில் ஏறிவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பரிசோதனைக்குக் கொடுங்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை குடிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதுபோக, ஊராட்சிக் குழாயில் வாரம் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்பதைத் தெருக்குழாயில் குடம் வைத்திருக்கிற பெண்களிடம் கேளுங்கள். அவர்களைவிடச் சரியாகச் சொல்ல ஆளில்லை.

மீண்டும் வேளச்சேரித் தாய்: பள்ளிக்கூடம் பற்றிச் சொல்லவில்லையே ஐயா. உள்ளே போனால் நல்ல பள்ளி இருக்குமா?

மன்னிக்க வேண்டும் அம்மா, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பெரியவள் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. இது யோசிக்க வேண்டிய நேரம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அப்படிப் படித்த பெண் பிள்ளை கல்லூரி சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். இதற்காக மட்டும் சேர்க்கச் சொல்லவில்லை. அந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நேரில் போய், கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் தயங்காதீர்கள். என் பேத்தி அப்படித்தான் படிக்கிறாள்.

தனியார் பள்ளி என்றால், வேன் எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்று கேளுங்கள். கிராமத்தில் முதல் ஸ்டாப்பாக இருந்தால் யூகேஜிப் பிள்ளை ஆறே முக்காலுக்குக் கிளம்ப வேண்டி வரும். மண்ணில் விளையாட என்று வந்துவிட்டு வேனிலேயே இரண்டு மணி நேரம் கழிந்தால் எதற்கு வந்தோம்?

நங்கநல்லூரிலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, இதய நோய். அவரோடு கிராமத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் செங்கல்பட்டைச் சுற்றி மட்டும் பாருங்கள். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீடு ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைக் கட்டாயம் பாருங்கள். கேட் மூடினால் இரண்டு மூன்று ரயில் போன பிறகுதான் திறக்கிற இடங்கள் உண்டு. நெஞ்சு வலிக்காரருக்கு அது எவ்வளவு பெரிய நேரம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை வண்டி ஓட்டிப் பாருங்கள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: வீடு பார்க்கப் போன இடத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் முன்னால் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது தம்பி. நகரத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது, சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இங்கே நேராகக் கேட்கிறார்கள். கேட்ட இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. திரும்பி வந்துவிடுங்கள். பழைய ஊர்த் தெருக்களைவிட, தொழிற்சாலை ஆட்களும் ரயில்வே, அரசு ஊழியர்களும் கலந்து குடியிருக்கிற மனைப்பிரிவுகளில் தேடுங்கள். அங்கே எல்லாரும் வெளியூர்க்காரர்கள், இந்தப் பேச்சு குறைவு. சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு தாய்: பாம்பு வருமா?

வரும் அம்மா. எலி, தவளை இருக்கிற இடத்துக்கு வரும். வாசலில் செங்கல், விறகு குவிக்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள், இரவில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், அதனால் கொசுவலையை நன்றாகச் செருகிப் படுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு, 1978-லிருந்து.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: எல்லாம் விசாரித்துவிட்டேன், லோனும் தயார். இந்தத் தை மாதமே வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். தையில் எல்லா ஊரும் அழகாக இருக்கும். ஏரி நிறைந்து, வயல் பச்சையாக, காற்று சில்லென்று. பணத்தை வங்கியிலேயே வைத்துவிட்டு, அதே ஊரில் அதே தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். சித்திரை வெயிலில் போர்வெல் என்ன செய்கிறது, ஐப்பசி கார்த்திகையில் தெரு என்ன ஆகிறது, கரண்ட் எத்தனை மணி நேரம் போகிறது, உங்கள் வீட்டம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்கிறதா, எல்லாம் பாருங்கள். ஒரு வருட வாடகை வீண் என்று நினைக்காதீர்கள். அடைமழையில் மூன்று நாள் இருந்து பார்த்து, நான்காம் நாள் காலையில் ரேஷன் கடை வரை நடந்து போக முடிந்தால், எனக்குச் சொல்லுங்கள். புலப்படத்தோடு நானே வந்து அளந்து தருகிறேன்.